துப்பாக்கியும் தூண்டிலும்: நீலகிரிக்குப் போன கோடை அலுவலகம்

முன்னுரை

சிவகாசியிலிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். கீழே கந்தக மணமும் வெயிலும் நிறைந்த கரிசல் பூமி. மேலே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் உச்சிப் புல்வெளி. அங்கே வரையாடுகள் மேய்கின்றன. வரை என்றால் மலை. பாறைச் சரிவில் ஏறி வாழும் ஆடு என்பதால் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுதான்.

2025இல் நடந்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள வரையாடுகளின் எண்ணிக்கை 1,303. உலகத்தில் தென்னிந்திய மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு விலங்குக்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. இவ்வளவு குறைந்து போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று துப்பாக்கி. முற்றிலும் அழியாமல் மிஞ்சியதற்கும் ஒரு வகையில் அதே துப்பாக்கிக்காரர்கள்தான் காரணம் என்பது வரலாற்றின் விந்தை. அந்தக் கதை விருதுநகரில் நடந்ததல்ல. வெள்ளைக்கார அரசு கோடைதோறும் கோப்புகளோடும் துப்பாக்கியோடும் தூண்டிலோடும் ஏறிப்போன நீலகிரியில் நடந்தது.

கோடையில் மலையேறிய அரசு

நீலகிரியை ஆங்கிலேயரின் ஓய்விடமாக மாற்றியவர் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். 1819இல் கோத்தகிரி பக்கம் ஏறிய அவர், 1822இல் உதகமண்டலத்தில் 'ஸ்டோன் ஹவுஸ்' என்ற கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். உதகை ஏரியை அமைத்ததும் அவரே. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இங்கிலாந்தை ஒத்த குளிர் கிடைத்ததால், நோயுற்ற படைவீரர்களும் அதிகாரிகளும் அங்கே வரத் தொடங்கினர். 1850களில் ஜக்கதளா என்ற இடத்தில் பெரிய படைவீடு எழுந்தது. இன்றைய வெலிங்டன் அதுதான்.

1870 முதல் சென்னை மாகாண அரசே ஆண்டுதோறும் கோடையில் உதகைக்கு இடம்பெயரும் வழக்கம் முறைப்படி ஏற்பட்டது. ஆளுநர், அவருடைய ஆலோசனை சபையினர், செயலாளர்கள், எழுத்தர்கள், பியூன்கள், மூட்டை மூட்டையாகக் கோப்புகள் என்று ஓர் அலுவலகமே மலையேறியது. 1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அதற்கு மேலே குதிரையும் மாட்டுவண்டியும் பல்லக்கும்தான். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல். உதகையை எட்டியது 1908இல்.

இதை வெறும் விடுமுறை என்று சொல்லிவிட முடியாது. உத்தரவுகள் அங்கிருந்தே பிறந்தன, வரவு செலவு அங்கேயே பேசப்பட்டது. ஆனால் வேலை முடிந்த பொழுதுகளில் அதிகாரிகளுக்கு இரண்டு பொழுதுபோக்குகள் இருந்தன. ஒன்று வேட்டை, மற்றொன்று மீன்பிடித்தல். இக்காலத்தில் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை மலைவாசத்தலத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு நாள் பயிற்சியும் விளையாட்டும் நடத்துகின்றன. அதன் பழைய வடிவத்தை உதகையில் காணலாம். அங்கே இரண்டு நாளுக்குப் பதில் பல மாதங்கள் என்பதுதான் வேறுபாடு.

தொலைதூரக் குறி

1857 கிளர்ச்சி ஆங்கிலேயரின் மனத்தில் ஆழமான அச்சத்தை விதைத்தது. அதன்பின் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் 'வாலண்டியர்' படைகளில் சேர்ந்து ஆயுதப் பயிற்சி பெற ஊக்குவிக்கப்பட்டனர். தோட்ட முதலாளி, அலுவலக எழுத்தர், ரயில்வே ஊழியர் என்று அவரவர் தொழிலைச் செய்துகொண்டே பகுதிநேரப் படைவீரராகவும் இருக்கலாம். நீலகிரியிலும் 1870களின் இறுதியில் இத்தகைய ரைபிள் படை உருவானது.

அன்று இங்கிலாந்திலும் இதே அலைதான். 1860இல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணியே முதல் குண்டு சுட்டுத் தொடங்கி வைத்தார். அங்கே ஆயிரம் கஜ தூரத்துக்குக் குறிபார்ப்பது பெரிய மதிப்பாகக் கருதப்பட்டது. 1890இல் அந்தப் போட்டிகள் பிஸ்லிக்கு மாறின. தூரத்துக் குறி என்பது படைப்பயிற்சியாகவும் கனவான்களின் விளையாட்டாகவும் ஒரே நேரத்தில் வளர்ந்தது.

நீலகிரியில் அந்தப் பயிற்சிக்கு உயிருள்ள இலக்காக அமைந்தது வரையாடு. ஆங்கிலேயர் இதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று அழைத்தனர். கூர்மையான பார்வை கொண்ட விலங்கு இது. மந்தை மேயும்போது ஓர் ஆடு பாறைமேல் நின்று காவல் பார்க்கும். ஆபத்து கீழிருந்துதான் வரும் என்று அதன் கண் பள்ளத்தாக்கையே நோக்கியிருக்கும். ஆகவே வேட்டைக்காரர்கள் சுற்றிவந்து மந்தைக்கு மேலே ஏறி, அங்கிருந்து குறிபார்ப்பார்கள். முதுகில் வெள்ளிநிறம் படர்ந்த முதிர்ந்த கடாவுக்கு 'சாடில் பேக்' என்று பெயர். அதன் தலையைச் சுவரில் மாட்டுவது பெருமை. இத்தகைய வேட்டையை விவரித்து ஃபிளெட்சர் என்பவர் 1911இல் நீலகிரி, வயநாடு வேட்டை குறித்து ஒரு நூலே வெளியிட்டார்.

கரிமருந்திலிருந்து கார்டைட்டுக்கு

1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டாவில் இருந்தது கரிமருந்துதான். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்ற பழைய கலவை அது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளிக்கு இந்தப் பொருள்கள் ஒன்றும் புதிதல்ல. ஆனால் துப்பாக்கியில் இதற்கு ஒரு குறை உண்டு. சுட்டவுடன் வெண்புகை மண்டும். முதல் குண்டு தவறினால் அடுத்த குறிக்குக் கண் தெரியாது. சுட்டவர் நிற்கும் இடமும் வெளிப்பட்டுவிடும்.

இதற்கு மாற்றாக 1889இல் ஏபெல், டிவார் என்ற இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்தைக் கண்டறிந்தனர். நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு, சிறிது வாசலின் ஆகியவற்றைப் பிசைந்து கயிறுபோல் இழுத்துச் செய்வதால் அதற்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் 'கார்ட்' என்றால் கயிறு.

இந்தியப் படைக்கு வேண்டிய கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய அரசு முடிவெடுத்தபோது தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியின் அரவங்காடு. வெப்பம் நைட்ரோகிளிசரினுக்கு எதிரி. குளிரும் தண்ணீரும் அங்கே தாராளம். 1903இல் தொழிற்சாலை தொடங்கப்பட்டு மறு ஆண்டு உற்பத்தி ஆரம்பமானது. அது இன்றும் இயங்குகிறது.

தமிழ்நாட்டின் வெடிமருந்து வரலாற்றில் இப்படி இரு முனைகள் உள்ளன. மலைமேல் அரசு கட்டிய அரவங்காடு ஒன்று. மழை குறைந்த கரிசலில் மக்களின் முயற்சியால் எழுந்த சிவகாசி மற்றொன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு பிறந்தது. ஈரமில்லாத வறண்ட காற்று சிவகாசிக்கு வாய்ப்பானது. குளிர்ந்த காற்று அரவங்காட்டுக்கு வாய்ப்பானது. ஒன்று குண்டை விரட்டியது, மற்றொன்று தீபாவளிக்கு ஒளி தந்தது.

தூண்டிலும் அந்நிய மீனும்

வேட்டைக்கு அடுத்தது மீன். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் எழுதினார். ஆற்றில் வாழும் மஹ்சீர் என்ற பெரிய மீனை அவர் கொண்டாடினார். ஆனால் உதகையின் உயர்ந்த ஓடைகளில் அவர்கள் விரும்பிய மீன் இல்லை. அவர்கள் ஏங்கியது தாய்நாட்டு டிரவுட் மீனுக்கு.

1860களில் மருத்துவரும் மீன் ஆய்வாளருமான பிரான்சிஸ் டே டிரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவர முயன்று தோல்வி கண்டார். நீண்ட கடல் பயணத்தின் வெப்பத்தை முட்டைகள் தாங்கவில்லை. ஐரோப்பாவின் டெஞ்ச் முதலிய வேறு மீன்கள் உதகைக்கு வந்து சேர்ந்தன. டிரவுட் மட்டும் வசப்படவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1906-07 காலத்தில் ஹெச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகள் தருவிக்கப்பட்டன. இறுதியில் வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது.

தூண்டில்காரர்களின் கவலையிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரு சட்டமும் பிறந்தது. அன்று ஆறுகளில் டைனமைட் போட்டும் நஞ்சு கலந்தும் மீனைக் கொத்தாகக் கொல்லும் வழக்கம் பரவியிருந்தது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் இந்த இரண்டையும் குற்றமாக்கியது. வெடியால் மீன் பிடிப்பது குளத்தையே மலடாக்கும் என்பதால் இச்சட்டம் எல்லா மக்களுக்கும் பயன் தந்த ஒன்று எனலாம்.

தாது வருடமும் மூன்று ஆண்டுகளும்

இனி இந்தக் கதையின் கசப்பான பகுதியைக் காணலாம். 1877இல் உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கப்பட்டது. விலங்குகள் வேகமாகக் குறைவதைக் கண்ட வேட்டைக்காரர்களே அதை உருவாக்கினர். அதே ஆண்டில் உதகையில் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவுக்காகப் புதிய மாளிகை கட்டும் வேலையும் தொடங்கியது. 1879 வரை நடந்த அந்த வேலையில் எழுந்ததுதான் பின்னாளில் உதகை ராஜ்பவன் எனப்பட்ட மாளிகை.

அந்த 1877 தமிழ்நாட்டுக்கு எப்படிப்பட்ட ஆண்டு? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நடு ஆண்டு. மக்கள் இன்றும் அதைத் தாது வருடப் பஞ்சம் என்றே சொல்வார்கள். தென்மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் விதைத்தது முளைக்கவில்லை. குடும்பம் குடும்பமாக மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னையில் பசித்த மக்கள் வெட்டிய கால்வாய்க்கு ஆளுநரின் பெயரே வைக்கப்பட்டது. அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. வாலண்டியர் படைகளிலும் இந்தியருக்குப் பொதுவாகக் கதவு அடைத்தே இருந்தது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே காங்கிரஸ் மகாசபை இதைக் கண்டித்துத் தீர்மானம் போட நேர்ந்தது.

1879இல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. துப்பாக்கியையும் தூண்டிலையும் ஒரே சட்டத்தில் கட்டிய அபூர்வச் சட்டம் இது. காட்டெருமை, கடமான், வரையாடு, கேளையாடு, முயல், காட்டுக்கோழி, மயில் முதலியவற்றை இனப்பெருக்கக் காலத்தில் கொல்லத் தடை வந்தது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமம் வழங்கும் முறை வளர்ந்தது. இச்சட்டம் மீன் என்று காத்தது நீலகிரியின் சொந்த மீனையல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீனைத்தான். புலியும் சிறுத்தையும் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. அவற்றைக் கொன்றவருக்கு அரசு வெகுமதி கொடுத்தது. எது கனவான்களின் விளையாட்டுக்கு உதவுமோ அதற்கே காவல்.

யாருக்கு வேட்டை, யாருக்குத் திருட்டு?

நீலகிரி வெற்று நிலமல்ல. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எனப் பல மக்கள் ஆங்கிலேயருக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள், புலால் உண்ணாதவர்கள். விலங்குகளை அவர்கள் வேட்டையாடியதில்லை. அவர்களுடைய மந்தைகள் மேய்ந்த புல்வெளியில்தான் வரையாடும் காலங்காலமாக மேய்ந்தது. அடிவாரக் காடுகளில் வாழ்ந்த குறும்பரும் இருளரும் கண்ணியும் வலையும் வைத்து உணவுக்குச் சிறு விலங்குகளைப் பிடித்தனர்.

ஆங்கிலேய வேட்டைக்காரரின் பார்வையில் ரைபிளால் தொலைவிலிருந்து சுடுவது வீரம். கண்ணி வைப்பது கேவலம். உணவுக்குக் கொல்பவன் திருட்டு வேட்டைக்காரன். சுவரில் மாட்டக் கொல்பவன் கனவான். உரிமத்துக்குப் பணம் கட்ட ஒருவரால் முடியும், மற்றவரால் முடியாது. 1882இல் சென்னை வனச் சட்டமும் வந்தபின் காட்டில் விறகு எடுப்பதும் ஆடு மாடு மேய்ப்பதும்கூடக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

ஆனால் நீதியாகப் பார்த்தால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டமும் சங்கமும் இல்லாதிருந்தால் நீலகிரியில் வரையாடு அன்றே அற்றுப்போயிருக்கக்கூடும். சங்கம் காவலர்களை வைத்தது, வேட்டைக்கு வரம்பு விதித்தது. தங்கள் விளையாட்டுக்காகவே செய்தார்கள் என்றாலும் பயன் விலங்குக்கும் கிடைத்தது. அதே ஆட்சிதான் புல்வெளிகளில் சீகை மரங்களை நட்டு வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தைச் சுருக்கியது என்பதையும் மறக்கலாகாது.

வேட்டைச் சங்கம் மாறிய கதை

நாடு விடுதலை பெற்றபின் வேட்டைச் சங்கம் வனவிலங்குச் சங்கமாகப் பெயர் மாறியது. அதில் பொறுப்பு வகித்த இ.ஆர்.சி. தாவிதார் துப்பாக்கிக்குப் பதில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மலைமலையாக நடந்து வரையாடுகளை எண்ணினார். 1975இல் அவர் செய்த ஆய்வு வரையாடு பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. அவருடைய நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் தமிழ்நாட்டில் வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பழைய வேட்டை உரிமங்களின் காலத்தை முடித்து வைத்தது. வரையாட்டை இனி யாரும் வேட்டையாட முடியாது; கலெக்டரானாலும் சரி, கனவானானாலும் சரி. வரையாட்டுக்காகவே 1982இல் முக்குருத்தி சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 1990இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. ஒரு காலத்தில் கோடை அலுவலர்கள் குறிபார்த்த அதே பாறைகள் இன்று வரையாட்டின் புகலிடம்.

விருதுநகர் மாவட்டத்திலும் இந்த மாற்றம் எதிரொலித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அன்று கொன்றால் வெகுமதி கிடைத்த புலிக்கு இன்று காப்பகம்! 2022இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் அறிவித்தது. 2024இல் 1,031 என்று எண்ணப்பட்ட விலங்கு அடுத்த ஆண்டில் 1,303 ஆனது நம்பிக்கை தரும் செய்தி.

ஆனால் பழைய கேள்வி முழுவதும் தீரவில்லை. காட்டைக் காப்பது என்றாலே காட்டு மக்களை விலக்குவது என்ற எண்ணம் 1879இன் மிச்சமாக நீண்ட காலம் தொடர்ந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்தான் தலைமுறைகளாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

முடிவுரை

துப்பாக்கியும் தூண்டிலும் ஒரு காலத்தில் அதிகாரத்தின் அடையாளங்களாக இருந்தன. கீழே பஞ்சம் நடக்க, மேலே வேட்டை விலங்குக்கும் கொண்டுவந்த மீனுக்கும் சட்டம் எழுதினார்கள். அந்தச் சட்டத்தின் நோக்கம் குறுகியது. ஆனால் உயிரினத்தைக் கொல்ல வரம்பு வேண்டும் என்ற அதன் கருத்து பெரியது. அந்தக் கருத்தை அதிகாரிகளின் விளையாட்டிலிருந்து பிரித்து எல்லோருக்கும் பொதுவாக்க இந்தியாவுக்கு 1972 வரை, அதாவது 93 ஆண்டுகள் ஆயின. காட்டில் வாழ்பவரின் உரிமையையும் அதோடு சேர்த்துக்கொள்ள மேலும் 34 ஆண்டுகள் ஆயின.

சிவகாசியில் வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி மேற்கே பார்க்கும்போது தெரியும் அந்த நீலக் கோட்டில் இப்போது ஒரு வரையாடு காவல் நிற்கலாம். அதன் பார்வை வழக்கம்போல் கீழ்நோக்கியே இருக்கும். மேலிருந்து குறிபார்க்க இன்று எவருக்கும் உரிமம் இல்லை என்பதே இந்த நீண்ட வரலாற்றின் பயன்.